எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம்

நான் மேல்படிப்பு படிக்கிறது மினசோட்டாவில். இங்கே செயின்ட் பால் சந்தைக்குச் சனிக்கிழமை காலையில் போனால் பாகற்காய், கொத்துமல்லி, முழ நீளக் காராமணி, நாக்கைச் சுடுற குட்டி மிளகாய் எல்லாம் கிடைக்கும். விற்பவர்களில் நிறையப் பேர் மொங் இனத்தவர்கள். பூர்வீகம் லாவோஸ். லாவோஸ்காரங்க இந்தப் பனியில வந்து ஏன் பாகற்காய் விக்கிறாங்கன்னு தேடப் போய்த்தான் இந்த விஷயத்துல மாட்டினேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாப் படிங்க.

முதல்ல கணக்கு. 1964லிருந்து 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மேல் குண்டு போடப் பறந்த தடவை ஏறக்குறைய 5,80,000. போட்டது 20 லட்சம் டன்னுக்கு மேல். ஒன்பது வருஷம், ராத்திரி பகல் பார்க்காமல், சராசரியா எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானச் சுமை. அப்போ அந்த நாட்டு மக்கள்தொகையே 30 லட்சத்துக்குள்ளதான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி மேலயும் ஜப்பான் மேலயும் அமெரிக்கா போட்டதைச் சேர்த்தாலும் இவ்வளவு வராதுன்னு, 2016ல் வியன்டியான் போன ஒபாமாவே சொன்னார்.

இத்தனைக்கும் லாவோஸ் நடுநிலை நாடு. 1962ல் ஜெனீவாவில் பல நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டன: அந்நியப் படை எதுவும் அங்கே இருக்கக் கூடாது. வடக்கு வியட்நாம் அதை மதிக்கவில்லை. கிழக்கு லாவோஸ் காடு வழியாகத்தான் ஹோ சி மின் பாதை ஓடியது. அமெரிக்காவும் மதிக்கவில்லை, ஆனால் மதிக்கிற மாதிரி காட்டிக்கொண்டது. அதனால் தரையில் சி.ஐ.ஏ. மொங் படை ஒன்றை வளர்த்தது, வானத்தில் விமானப்படை. எந்த இலக்கில் போடலாம் எதில் கூடாது என்று முடிவு செய்தவர் தூதர், வில்லியம் சல்லிவன். தூதரகத்துல விசாதான் கொடுப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்! இன்னொண்ணு, நம்ம ஊர்ல யாரும் பேசாத விஷயம்: லாவோஸுக்கான சர்வதேசக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைமை இந்தியாவிடம் இருந்தது. கூட கனடாவும் போலந்தும். பார்க்கத்தான் முடிந்தது, தடுக்க முடியவில்லை.

1968 நவம்பர் 1ஆம் தேதி ஜான்சன் வடக்கு வியட்நாம் மேல் குண்டு போடுவதை நிறுத்தினார். உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்த விமானங்கள் லாவோஸ் பக்கம் திரும்பின. ஏன் என்று அடுத்த வருஷம் செனட் குழு கேட்டபோது, தூதரகத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த மான்டீகிள் ஸ்டேர்ன்ஸ் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: அத்தனை விமானம் நிக்குது, அதைச் சும்மா நிறுத்தி வைக்க முடியுமா? இந்த வரலாறு முழுக்கத் தேடினாலும் இவ்வளவு நேர்மையான பதில் வேற கிடைக்காது.

வடக்கே சியாங் குவாங் மாகாணத்தில் ஜாடிச் சமவெளி என்று ஒரு இடம். ஆளுயரக் கல் ஜாடிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும் பழங்காலத்து நிலம். பாதேத் லாவோ கம்யூனிஸ்டுகள் கையில் இருந்ததால் இங்கே அடி பலமாக விழுந்தது. (சந்தையில் பாகற்காய் விற்கிறவர்களின் தாத்தாக்களில் பலர் சி.ஐ.ஏ. பக்கம் நின்றவர்கள், அதனாலதான் 1975க்கு அப்புறம் ஓடி வர வேண்டியதாச்சு. குண்டு வாங்கினதில் பெரும்பங்கு எதிர்ப்பக்கத்து ஊர்கள். வானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இந்த வித்தியாசமும் அவ்வளவா தெரிஞ்சிருக்காது.)

இனி குண்டுக்கு வருவோம். கொத்துக்குண்டு என்பது ஒரு குண்டு இல்லை, ஒரு பெட்டி. விமானத்திலிருந்து விழும்போது நடுவானில் பிளந்து உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகளை இறைக்கும். லாவோஸில் அதிகம் போட்ட வகையில் ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 670 உருண்டைகள். ஒவ்வொன்றும் டென்னிஸ் பந்து அளவு. ஒவ்வொன்றின் ஓட்டிலும் சுமார் 300 இரும்புக் குண்டுமணிகள். கட்டடத்தை இடிக்க இது உதவாது, பாலத்தை உடைக்க உதவாது. மனுஷ உடம்பு, மாட்டு உடம்பு, அவ்வளவுதான் இதன் இலக்கு.

உருண்டையின் ஓட்டில் சின்னச் சின்னப் புடைப்பு வரிகள் இருக்கும். காற்று அதில் பட்டு உருண்டை பம்பரம் மாதிரி சுழலும். அந்தச் சுழற்சியில்தான் உள்ளே பூட்டு விலகி வெடிக்கத் தயாராகும். போதுமான வேகத்தில் சுழலாவிட்டாலோ, மூங்கில் கிளையில் மோதினாலோ, சேற்று வயலில் பொத்தென்று விழுந்தாலோ வெடிக்காமல் கிடக்கும். லாவோஸ் பூராவும் மூங்கிலும் சேறும்தான். மொத்தம் சுமார் 27 கோடி உருண்டைகள் விழுந்தன. 30 சதவீதம் வெடிக்கவில்லை என்று வைத்தால் 8 கோடி. இதை இன்ஜினியர்கள் தோல்வி விகிதம்னு சொல்றாங்க. எனக்கு அந்த வார்த்தை புரியவே மாட்டேங்குது. 1969ல் போட்டது 2017ல் ஒரு குழந்தையைக் கொன்னா, அதுல தோத்தது யாரு?

அங்கே ஜனங்கள் அதுக்கு வச்ச பேர் பொம்பி. நம்ம காதுக்கு பொம்மைன்னு விழுது.

இது வெளியே தெரிய வந்த கதைதான் என்னை ரொம்ப உலுக்கினது. ஃபிரெட் பிரான்ஃப்மேன் என்ற இளைஞர் 1967ல் கல்விப் பணிக்காகத் தொண்டராக லாவோஸ் போனவர். லாவோ மொழி கற்றுக்கொண்டார். 1969 செப்டம்பரில் ஜாடிச் சமவெளியிலிருந்து வியன்டியானுக்குக் கொண்டுவரப்பட்ட அகதிகளிடம் பேசப் போனார். பகலில் குகையிலும் பதுங்குகுழியிலும் இருந்து, ராத்திரியில் உழுதிருக்கிறார்கள். அவர் அவர்களிடம் தாளும் பேனாவும் கொடுத்து, பார்த்ததை வரையுங்கள், எழுதுங்கள் என்று கேட்டார். குழந்தை வரைவது போன்ற கோடுகள். மேலே விமானம், கீழே வீடு எரிகிறது, பக்கத்தில் எருமை செத்துக் கிடக்கிறது, ஆள் ஓடுகிறான். 1971ல் பிரான்ஃப்மேன் செனட் குழு முன் சாட்சி சொன்னார், 1972ல் அந்தப் படங்களும் எழுத்துகளும் புத்தகமாக வந்தன.

இடையில் 1970 மார்ச் 6ஆம் தேதி நிக்சன் ஒரு அறிக்கை விட்டார். லாவோஸில் நிறுத்தப்பட்ட அமெரிக்கர் ஒருவர்கூடத் தரைச் சண்டையில் சாகவில்லை என்று அதில் இருந்தது. சில நாட்களிலேயே அது பொய்யென்று தெரிந்து மாற்றிச் சொல்ல வேண்டியதானது. நாடே கேட்ட கேள்வி அமெரிக்கர் எத்தனை பேர் செத்தாங்கன்னுதான். எருமை வரைந்தவனைப் பற்றிக் கேட்ட ஆள் கொஞ்சம்.

குண்டு போடுவது 1973ல் நின்றது, சாவு நிற்கவில்லை. 1964லிருந்து இதுவரை இறந்தவர்கள், காயம்பட்டவர்கள் சேர்த்து சுமார் 50,000 பேர். அதில் ஏறக்குறைய 20,000 பேர் போர் முடிந்த பிறகு. எப்படிச் சாகிறார்கள்? வயல் வரப்பை வெட்டும்போது. குளிருக்கு நெருப்பு மூட்டும்போது, அடியில் கிடந்தது சூடேறி. பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட மண்ணைக் கிளறும்போது. வெறும் பெட்டிகளில் கீரை வளர்க்கிறார்கள், வீட்டுக்குத் தூணாக நடுகிறார்கள். பான் நாபியா என்ற ஊரில் அலுமினியத்தை உருக்கி ஸ்பூன் வார்க்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன பெத்தாங்க் என்ற விளையாட்டு அங்கே பிரபலம், உலோகப் பந்தை உருட்டி விளையாடுவது. 2017 மார்ச்சில் அந்தப் பந்துதான் என்று நினைத்து எடுத்த பொம்பி வெடித்து சியாங் குவாங்கில் பத்து வயதுச் சிறுமி இறந்தாள். சுற்றி இருந்த பலருக்குக் காயம்.

2008ல் டப்ளினில் ஒப்பந்தம் முடிவாகி, அதே டிசம்பரில் ஆஸ்லோவில் கையெழுத்தானது. கொத்துக்குண்டு செய்யக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, போடக் கூடாது. சேர்ந்த நாடுகளின் முதல் கூட்டம் 2010ல் வியன்டியானில் நடந்தது, நியாயமான இடம்தான். இலங்கை 2018ல் சேர்ந்தது. அதற்கு ஆறு வருஷம் முன்னால் புதுக்குடியிருப்புப் பக்கம் கொத்துக்குண்டு எச்சம் கிடைத்ததாக ஐ.நா. நிபுணரின் மின்னஞ்சல் வெளிவந்ததும், அரசு மறுத்ததும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா நாலும் சேரவில்லை. அன்னைக்கு லாவோஸைக் கண்காணிக்கத் தலைமை தாங்கின நாடு இதுல ஏன் ஒதுங்கி நிக்கணும்? 2023 ஜூலையில் உக்ரைனுக்குக் கொத்துக்குண்டு அனுப்பியபோது, வெடிக்காத விகிதம் 2.35 சதவீதத்துக்கு மேல் போகாது என்றது பென்டகன். புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வேற. சேற்று வயலுக்கும் அதே கணக்கா?

லாவோஸில் அகற்றும் வேலை 1994ல்தான் ஒழுங்காகத் தொடங்கியது. 2008ல் வருஷத்துக்கு முந்நூறு அளவில் இருந்த பாதிப்பு இப்போது நூறுக்குக் கீழே வந்திருக்கிறது. ஆனால் துப்புரவான நிலம் என்னவோ மிகச் சிறு பங்குதான்.

இதுல ஒரு வேடிக்கை. சொந்த நாட்டு மக்களுக்கு மறைத்த இந்தப் போரை, விமானப்படை வரிவரியாக ஏட்டில் குறித்து வைத்திருந்தது. எந்தத் தேதி, எந்த இடம், என்ன குண்டு, எத்தனை என்று. பிறகு அமெரிக்கா கொடுத்த அந்தத் தகவலை வைத்துத்தான் எந்த ஊரில் தேடுவது என்று இன்று ஆரம்பிக்கிறார்கள். கயிறு கட்டிப் பிரித்த பட்டையில் ஒருத்தி உலோகம் காட்டும் கருவியோடு அடி அடியாக நகர்வாள். கூவினால் உட்கார்ந்து கையால் தோண்ட வேண்டும். ஆணியா இருக்கலாம், பொம்பியா இருக்கலாம். போட்டது எங்கேன்னு ஏடு சொல்லும், வெடிக்காதது எதுன்னு சொல்லாது. அதுக்கு அந்தக் குழுக்கள் ஊர்க்கிழவிகளைத்தான் போய்க் கேட்கிறாங்க: எந்த வயல்ல மாடு செத்தது, எந்த மேட்டுக்கு விறகு பொறுக்கப் போகாதேன்னு உங்கம்மா சொன்னாங்க?