நிதானப் பயிற்சி: விமானப் பணியாளர்

விமானத்தில் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்கள் கோபத்துக்கும் அச்சத்துக்கும் இடம்கொடாமல் வேலை செய்யும்படி அளிக்கப்படும் பயிற்சி. இதற்குள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு பயிற்சிகள் அடங்கியுள்ளன. கடுஞ்சொல் பேசும் பயணியிடம் குரலை உயர்த்தாமலிருக்கக் கற்றுத்தருவது ஒன்று. விமானம் தீப்பற்றும் நொடியில் அதே குரலை உயர்த்தி, முன்பின் தெரியாதவர்களை அதட்டி வெளியேற்றக் கற்றுத்தருவது மற்றொன்று. முதலாவதைப் பெரும்பாலும் சமூகவியலாளர்களும் இரண்டாவதை விபத்து ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

வான்பயணப் பணியாளர்களில் முதல்வர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜெர்மனியின் ஹைன்ரிச் குபிஸ். ஓட்டல் பரிசாரகராகத் தொழில் பழகிய அவர் 1912இல் செப்பலின் வான்கப்பலில் பணிக்குச் சேர்ந்தார். 1937 மே 6 அன்று ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்தபோது அதன் தலைமைப் பணியாளராக இருந்தவரும் அவரே. அது தரையை நெருங்கியதும் சன்னல் வழியே குதிக்கும்படி பயணிகளை ஏவிய அவர், தாமும் குதித்து உயிர் தப்பினார்.

பெண்களில் முதல்வரான எலன் சர்ச், அயோவா மாநிலத்துச் செவிலி. விமானம் ஓட்டக் கற்றிருந்த அவர், விமானி வேலை கேட்டே போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தை அணுகினார். பெண்ணை விமானியாக்க அக்காலம் இசையவில்லை. அப்படியானால் செவிலியரைப் பயணிகளோடு அனுப்பலாமே என்ற அவருடைய யோசனையை, சான்பிரான்சிஸ்கோ அலுவலக மேலாளர் ஸ்டீவ் ஸ்டிம்ப்சன் மேலிடத்துக்குக் கொண்டுசென்றார். 1930 மே 15 அன்று ஓக்லாந்திலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட விமானத்தில் எலன் சர்ச் பணியேற்றார். மொத்தம் எட்டுச் செவிலியர். மூன்று மாதச் சோதனை. பறப்பதற்கே மக்கள் அஞ்சிய நாட்களில், வார்டில் இரத்தத்தையும் அலறலையும் கண்டு முகம் மாறாதிருக்கப் பழகியவர்கள் அவர்கள். விமான நிறுவனம் நிதானத்தைக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கற்று முடித்தவர்களையே வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் செவிலியர் படைக்குப் போனார்கள். எலன் சர்ச்சும் இராணுவச் செவிலியாகப் பறந்து பதக்கம் பெற்றார். செவிலித் தகுதி கைவிடப்பட்டதும், நிதானத்தைத் தாமே கற்பிக்கும் பொறுப்பு நிறுவனங்கள்மேல் விழுந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1957இல் டெக்சாஸில் பணிப்பெண்களுக்கென்றே ஒரு கல்லூரியைத் திறந்தது.

இந்த வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது, அட்லாண்டாவில் டெல்டா ஏர்லைன்ஸ் நடத்திய பயிற்சி மையம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் அங்கே வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்து, 1983இல் ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ என்ற நூலை வெளியிட்டார். ‘உணர்ச்சி உழைப்பு’ என்ற கருத்து இந்நூலின் வழியே பரவியது. விமானத்தைச் சொந்த வீட்டுக் கூடமாகவும் பயணியை வீடு தேடி வந்த விருந்தாளியாகவும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே புதியவர்களுக்குச் சொல்லப்பட்ட முதற்பாடங்களில் ஒன்று. விருந்தாளி பண்புகெட்டு நடந்தாலும் வீட்டுக்காரர் முகம் சுளிப்பதில்லை அல்லவா?

பணியில் பல ஆண்டு கழித்தவர்களுக்கான மறுபயிற்சி வகுப்புகள் இன்னும் செறிவானவை. அங்கே பாடம் கோபம். கத்துகிற பயணிக்குப் பணியாளர் வட்டாரத்தில் ‘ஐரேட்’ என்று பெயர். அவரைக் கண்டதும் அவருடைய வாழ்க்கையில் ஏதோ பெருந்துயரம் நேர்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். தம்மைத் திட்டி மிரட்டிய பயணி ஒருவர் அண்மையில் மகனைப் பறிகொடுத்தவர் என்று பிறகு தெரியவந்ததாகவும், அதன்பின் யார் கத்தினாலும் அந்த மனிதரே நினைவுக்கு வருவதாகவும் ஒருவர் சொன்னதை நூல் பதிவு செய்திருக்கிறது. பயணியைப் பயந்துபோன குழந்தையாக எண்ணிக்கொள்வது இன்னொரு வழி. எண்ணத்தால் அடங்காத கோபத்துக்கு ஆளாளுக்குக் கைவைத்தியம் வைத்திருந்தார்கள்: ஒருவர் பனிக்கட்டியைக் கடித்து நொறுக்குவாராம், ஒருவர் கழிவறைத் தண்ணீரைத் திரும்பத் திரும்பத் திறந்துவிடுவாராம். கல்விநூல்களில் இடம்பெறாமல் போயிருக்கக்கூடிய இந்தச் சிறு குறிப்புகள் தப்பிப் பிழைத்தது நல்லூழ்.

ஹோக்‌ஷீல்ட் இவ்வழிகளை இரண்டாகப் பிரித்தார். உள்ளே கொதித்துக்கொண்டு முகத்தில் மட்டும் சிரிப்பது மேல்நடிப்பு. கோபமே எழாதபடி மனத்தைத் திருப்புவது ஆழ்நடிப்பு. ரஷ்ய நாடக மேதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர்களிடம் கேட்டது இந்த இரண்டாவது வகையையே. பணியாளரிடம் அதை நிறுவனம் கேட்கும்போது என்ன ஆகிறது என்பதே நூலின் கவலை. 1978இல் அமெரிக்க விமானத்துறையின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டுப் போட்டி கடுமையாயிற்று. பணியாளர் கவனிக்க வேண்டிய பயணிகள் பெருகினார்கள். புன்னகை மட்டும் குறையக்கூடாது என்றானது. பணி முடிந்த பிறகும் அந்தப் புன்னகையைக் கழற்றிவைக்க முடியவில்லை, தம் உண்மையான உணர்ச்சி எது என்று தெரியவில்லை என்று பலர் அவரிடம் சொன்னார்கள்.

இந்த முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. நெதர்லாந்துச் சமூகவியலாளர் காஸ் வூட்டர்ஸ் 1989இல் இதை மறுத்து எழுதினார். ஆய்வாளர்கள் ஷாரன் போல்ட்டன், கேரல் பாய்டு இருவரும் 2003இல், பணியாளர்கள் நிறுவனம் ஆட்டுவிக்கும் பொம்மைகளல்லர், எப்போது எந்த முகத்தை அணிவது என்று தாமே தேரும் திறனாளிகள் என்று வாதிட்டார்கள். இரு தரப்பிலும் உண்மை இருக்கலாம்.

இரண்டாவது பயிற்சியின் வரலாறு வேறிடத்தில் தொடங்குகிறது. 1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டரில் ஓடுபாதையிலேயே தீப்பற்றிய பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் விமானத்தில் 55 பேர் இறந்தார்கள். அதையடுத்து கிரான்ஃபீல்டில் ஆய்வாளர் ஹெலன் மியூர் வெளியேற்றச் சோதனைகளை நடத்தினார். ஓய்வுபெற்ற டிரைடன்ட் விமானத்தில் தன்னார்வலர்களை ஏற்றி, முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு ஐந்து பவுண்டு கூடுதல் என்று அறிவித்தார். ஐந்து பவுண்டுக்கே மக்கள் முண்டியடித்தார்கள். பின்னர் பணியாளரின் நடத்தையை மாற்றிப் பார்த்தார். உரக்க அழைத்து, கை கொடுத்துத் தள்ளிவிடும் பணியாளர் இருந்தபோது வெளியேற்றம் வேகமாக நடந்தது. மென்மையாக நின்ற பணியாளரால் விளைந்த பயனோ, பணியாளரே இல்லாத நிலைக்கு அருகில் இருந்தது. விருந்தாளியை உபசரிக்கும் குரல் அங்கே உதவவில்லை.

அமெரிக்க விதிப்படி, புதிய விமான வகை ஒன்றிலிருந்து பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி எல்லாரும் 90 நொடிக்குள் வெளியேற முடியும் என்று காட்டியாக வேண்டும். 2006இல் ஹாம்பர்க்கில் ஏ380 விமானத்திலிருந்து 873 பேர் 78 நொடியில் இறங்கினார்கள். இந்த வேகத்துக்காகவே புகை நிரப்பிய மாதிரி விமானத்தில் கதவைத் திறப்பதும் கட்டளைகளைக் கத்துவதும் அனிச்சையாகும்வரை பழக்கப்படுகின்றன. புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் மடக்கு இருக்கையில் வாய்பேசாமல் அமர்ந்திருக்கும் பணியாளர், என் கதவு எது, எப்படித் திறப்பது, எந்தச் சொல்லைக் கத்துவது, யாரை உதவிக்கு அழைப்பது என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார். இதற்கு மௌன ஒத்திகை என்று பெயர். பார்ப்பவருக்கு அவர் வெறுமனே உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும்.

ஆபத்தில் மக்கள் பீதியில் ஓடுவார்களா, உறைந்து நின்றுவிடுவார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உறைதலே அதிகம் என்ற கருத்து பிற்காலத்தில் வலுப்பெற்றதாகத் தோன்றுகிறது.

அடங்கியிருப்பதே ஆபத்தாகலாம் என்பதை 1989ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் 47 பேர் இறந்த விபத்தில், இடப்புற எஞ்சின் தீயைப் பின்பகுதியில் இருந்தவர்கள் கண்டார்கள். வலப்புற எஞ்சினை நிறுத்திய விமானிகளுக்கு அச்செய்தி எட்டவில்லை. மார்ச்சில் கனடாவின் டிரைடனில் 24 பேர் இறந்த விபத்தில், இறக்கையில் பனி படிந்திருந்ததைப் பணியாளர் கண்டும் விமானிகளிடம் சொல்லவில்லை. விமானிகளும் பணியாளர்களும் ஒன்றாகப் பயிற்சி பெறும் வழக்கம் இதன்பின் வலுப்பட்டது.

கடத்தல்காரர்களை எதிர்க்காமல் இணங்கிக் காலம் கடத்துவதே 2001 வரை அமெரிக்கப் பணியாளர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் விமானம் கடத்தப்பட்டபோது, பணியாளர்கள் முதலில் விமானிகளை எச்சரித்தார்கள். விமானிகள் வெளியேறியதால் விமானம் பறக்க முடியாமல் போனது. அமெரிக்கர்களின் பாஸ்போர்ட்டுகள் ஒளித்துவைக்கப்பட்டன. பயணிகளைத் தப்பவைக்கும் முயற்சியில் கொல்லப்பட்ட 22 வயதுப் பணியாளர் நீரஜா பனோட்டுக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று பணியாளர் பெட்டி ஓங் கடத்தப்பட்ட விமானத்திலிருந்து ஏறத்தாழ 25 நிமிடம் தரையோடு தொலைபேசியில் பேசி, நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதன்பின் தற்காப்புப் பயிற்சி சேர்ந்தது.

விபத்துக்குப் பின் பணியாளர்களைக் கூட்டிப் பேசவைக்கும் முறை, 1983இல் ஜெஃப்ரி மிட்செல் மீட்புப் பணியாளர்களுக்காக வகுத்ததிலிருந்து பரவியது. அத்தகைய ஒற்றைக் கூட்டம் பின்னாளைய மனவடுவைத் தடுக்கிறதா என்பதை 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு ஐயுற்றது.

இரண்டு பயிற்சிகளுக்கும் அண்மை ஆண்டுகளில் சோதனை வந்தது. அமெரிக்காவில் 2021இல் 5,981 பயணி அத்துமீறல்கள் பதிவாயின. பெரும்பகுதி பெருந்தொற்றுக்கால முகக்கவசம் தொடர்பானவை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதி எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். மோதிய சிறு விமானத்தில் ஐவர் இறந்தனர். அறிவிப்புக் கருவி செயலிழந்துவிட, பணியாளர்கள் ஒலிபெருக்கிக் குழாயும் சொந்தக் குரலும் கொண்டு வழிநடத்தினார்கள். எட்டு வாசல்களில் மூன்று மட்டுமே திறக்கப்பட்டன. பின்பக்க இடது வாசலில் இருந்தவருக்கு விமானி அறையோடு தொடர்பு கிடைக்கவில்லை; வெளியே தீ இல்லையென்று பார்த்து, அனுமதிக்குக் காத்திராமல் தாமே கதவைத் திறந்தார்.