அப்பா கொடுத்த பிலிம் துண்டும் கலர் படம் வந்த கதையும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். அறிவியலா ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க. ஆனா படிக்கிறவங்களுக்குக் கொட்டாவி வரக்கூடாது" என்றார்கள். நிபந்தனை கடினமானதுதான்! யோசித்துப் பார்த்தேன். மேஜை டிராயரில் ஒரு பழைய பேனா டப்பா இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் ஏழு பிரேம் உள்ள பிலிம் துண்டு ஒன்று இருக்கிறது. நீளம் அரை அடிக்கும் குறைவு. திரையில் ஓடினால் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. அதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் 1966 முதல் 1969 வரை நம் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். என் தகப்பனார் அறந்தாங்கிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீசில் ஆபரேட்டர். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ஒரே ஒரு மெஷின். ஒரு ரீல் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அடுத்த ரீலை மாட்டுவதற்குள் முறுக்கு விற்பவர் ஒரு சுற்று வந்துவிடுவார். ஒரு படத்துக்கு நாலைந்து இடைவேளை என்றால் இன்றைய மாணவச் செல்வங்கள் நம்பமாட்டார்கள்.

காமாலை வராத கதாநாயகி

1956 பொங்கலுக்குச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வெளியிட்டது. தமிழில் முழுக்க முழுக்க வண்ணத்தில் வந்த முதல் படம் அது. எங்கள் கொட்டகைக்குக் கலர் படப் பெட்டி வந்து சேர மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. எனக்கு எட்டு வயது. பெட்டி வருவதற்கு முதல் நாளே அப்பா திரைத் துணியை இறக்கி, நீலம் போட்டு அலசிக் காயவைத்தார். "எதுக்குப்பா?" என்று கேட்டேன். "கருப்பு வெள்ளைன்னா துணி பழுப்பா இருந்தாலும் ஜனம் பொறுத்துக்கும். கலர்ல பழுப்பு ஏறினா கதாநாயகிக்குக் காமாலை வந்துடும்" என்றார்.

அன்றைக்கு மெஷினுக்கு வெளிச்சம் கொடுத்தது பல்பு அல்ல. இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே வைத்து மின்சாரம் பாய்ச்சினால் இடையில் கண்ணைப் பறிக்கும் சுடர் உண்டாகும். எரிய எரியக் குச்சி தேயும். இடைவெளி கூடினால் வெளிச்சம் தடுமாறும், நிறம் மாறும். கலர் படம் ஓடிய நாட்களில் அப்பா குச்சியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். ஏற்கனவே அறுந்து வந்த ஒரு பிரதியை ஒட்டும்போது வெட்டியெடுத்த துண்டைத்தான் எனக்குக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சைப் பாவாடை கட்டிய ஒரு உருவம், பின்னால் நீலத் திரை. ஊரில் எந்தப் பையனிடமும் இல்லாத சொத்து!

கை வண்ணம் முதல் சுழலும் தட்டு வரை

சினிமாவில் நிறம் சேர்க்கும் ஆசை சினிமா பிறந்தபோதே பிறந்துவிட்டது. 1895இலேயே எடிசன் கம்பெனியின் நடனப் படங்களுக்குக் கையால் சாயம் தீட்டினார்கள். ஒரு அடி பிலிமில் 16 பிரேம். ஆயிரம் அடி ரீலில் 16 ஆயிரம் பிரேம். ஒவ்வொன்றும் தபால் தலை அளவு. பாரிசில் துயில்லியே அம்மையார் நடத்திய பட்டறையில் 200க்கும் மேற்பட்ட பெண்கள் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நிறமாகத் தீட்டினார்களாம். பிறகு பாத்தே கம்பெனி அச்சுத் தகடு வெட்டி, கோலம் போடும் அச்சு போல அதன் வழியே சாயம் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தது.

நமக்குப் பக்கத்துத் திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் மெஷினையும் படங்களையும் வாங்கி ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்டார். அவர் காட்டியவற்றில் புகழ்பெற்றது ஏசுநாதர் வாழ்க்கைப் படம். அதே காலத்தில் பாத்தே கம்பெனி தயாரித்த ஏசு வரலாறு இப்படிச் சாயம் ஏற்றிய பிரதிகளாகவும் விற்பனையானது.

இதெல்லாம் மேலே பூசிய நிறம். உண்மையான நிறத்தைக் காமிராவே பிடிக்க வேண்டுமே? அதற்கு வழி காட்டியவர் நம் பாடப் புத்தகத்து மாக்ஸ்வெல். 1861இல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக எடுத்த மூன்று கருப்பு வெள்ளைப் படங்களை, அதே நிற வடிகட்டிகள் வழியாக ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழச் செய்தார். வண்ண ரிப்பன் ஒன்று திரையில் தெரிந்தது. நம் ஆய்வுக்கூடத்தில் நியூட்டன் தட்டைச் சுற்றிவிட்டால் ஏழு நிறமும் கலந்து வெளுப்பாகத் தெரியுமே, அதுபோல நிறங்களைக் கண்ணே கலந்துகொள்ளும் என்பதுதான் சூட்சுமம்.

அந்தத் தட்டையே மெஷினுக்கு முன்னால் மாட்டியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித். 1906இல் காப்புரிமை பெற்ற இந்த முறைக்குக் கினிமாகலர் என்று பெயர். சிவப்பும் பச்சையுமாகச் சுழலும் தட்டு வழியே மாறி மாறிப் படம் எடுத்து, அதே மாதிரி தட்டு வழியே காட்டுவது. சாதாரணப் படம் வினாடிக்கு 16 பிரேம் ஓடிய காலத்தில் இது 32 ஓட வேண்டும். 1911 டிசம்பர் 12இல் டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு நடந்த தர்பாரைச் சார்லஸ் அர்பனின் ஆட்கள் இந்த முறையில்தான் படம் பிடித்தார்கள். 1912 பிப்ரவரியில் லண்டன் ஸ்காலா தியேட்டரில் அது திரையிடப்பட்டபோது, நம் நாட்டு யானைகளையும் பட்டாடைகளையும் வண்ணத்தில் பார்த்து லண்டன்வாசிகள் வாய் பிளந்தார்கள். குறை என்னவென்றால், சிவப்புப் பிரேமுக்கும் பச்சைப் பிரேமுக்கும் இடையில் குதிரை ஒரு அடி நகர்ந்துவிடும். அதனால் ஓடும் குதிரைக்குச் சிவப்பில் ஒரு நிழல், பச்சையில் ஒரு நிழல்!

இரண்டு நிறம், மூன்று பிலிம்

அடுத்து இரண்டு நிறங்களையும் பிலிமிலேயே ஏற்றினார்கள். 1937இல் பம்பாய் இம்பீரியல் கம்பெனியின் அர்தேஷிர் இரானி, அமெரிக்கச் சினிகலர் முறையில் 'கிசான் கன்யா'வை எடுத்தார். இந்தியாவிலேயே தயாரான முதல் வண்ணப் படம் அது. நம் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' உருவானதும் இதே கம்பெனியில்தான். ஆனால் ஆரஞ்சுச் சிவப்பும் நீலப்பச்சையும் மட்டும் வைத்துக்கொண்டு வயலும் வானமும் எப்படி வரும்? படம் எடுபடவில்லை.

அமெரிக்க டெக்னிகலர் கம்பெனி 1932இல் மூன்று நிற முறையை முடித்துக் காட்டியது. காமிராவுக்குள் ஒரு பட்டகம் வெளிச்சத்தைப் பிரித்து மூன்று கருப்பு வெள்ளை நெகடிவ்களில் சேர்க்கும். மர அச்சில் சாயம் தோய்த்துச் சேலையில் ஒற்றுவது போல, மூன்று அச்சுப் பிலிம்களில் சாயம் தோய்த்து ஒரே பிலிமில் ஒற்றுவார்கள். அருமையான நிறம், யானை விலை.

போருக்குப் பிறகு வந்தவைதான் பெல்ஜியத்துக் கேவாகலரும், 1950இல் வந்த ஈஸ்ட்மன் கலரும். மூன்று நிறத்துக்கான மூன்று படலமும் ஒரே பிலிமில். சாதாரணக் காமிராவே போதும். இதை நம்பித்தான் டி.ஆர்.சுந்தரம் துணிந்து 'அலிபாபா'வைக் கேவாகலரில் எடுத்தார். அவர் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். சாயத்தின் அருமை தெரிந்தவர்தானே!

இந்த இடத்தில் ஒரு ஏக்கத்தைச் சொல்லவேண்டும். அதே சுந்தரத்தின் 'உத்தம புத்திரன்' படத்தில் 1940லேயே இரட்டை வேடம் போட்டு அசத்தியவர் நம் புதுக்கோட்டைப் பி.யு.சின்னப்பா. கலர் வந்து சேருவதற்குள், 1951இல், அவர் போய்விட்டார். நம் ஊரில் பிறந்த இன்னொருவரான ஜெமினி கணேசனுக்கு அந்த யோகம் கிடைத்தது. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் வெள்ளையத்தேவனாக வந்தார். கேவாகலரில் எடுத்து, லண்டன் டெக்னிகலர் கூடத்தில் பிரதி போட்ட படம் அது. 1799இல் கட்டபொம்மன் பிடிபட்டது நம் திருக்களம்பூர்ப் பக்கத்தில். பிடித்துக் கொடுத்தது நம் தொண்டைமான் சமஸ்தானம். கட்டபொம்மனுக்காக உயிர்விடும் வேடத்தில் புதுக்கோட்டைக்காரர்! படம் பார்த்துவிட்டு வந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "கணக்கு நேர் ஆயிடுச்சுப்பா" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் பட்ட அவமானம்

1968. ஆய்வுக்கூடத்தில் நிறங்கள் பற்றிய பாடம். நான் பெருமையாக, "எங்கிட்ட கலர் பிலிம் இருக்கு. பச்சைப் பாவாடை, நீலத் திரை" என்று அளந்துவிட்டேன். மறுநாள் துண்டைக் கொண்டுவந்து விளக்குக்கும் லென்சுக்கும் நடுவில் வைத்துச் சுவரில் காட்டினேன். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. எல்லாம் ஒரே செங்கல் நிறம். "என்னடா, ரோஸ் பவுடர் டப்பா கவுந்துருச்சா?" என்று வகுப்பே சிரித்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அப்பாவிடம் துண்டைத் தூக்கிப் போட்டேன். "மெஷின்ல வாட்டி எடுத்ததைக் குடுத்திருக்கீங்க. உங்க கை பட்டா எதுதான் உருப்படும்?" என்றேன். அவர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "ஆமா தம்பி, சூடு பட்டிருக்கும் போல" என்றார். அவ்வளவுதான். ஒரு பிரதியைக்கூடக் கருகவிடாதவர் என்று பேர் வாங்கியவர் அவர்.

1978இல் அப்பா காலமானார். 1980 வாக்கில் மார்ட்டின் ஸ்கார்செசி என்ற அமெரிக்க இயக்குநர், கலர் படங்களெல்லாம் வெளுத்துப் போகின்றன என்று குரல் எழுப்பினார். அதைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மூன்று படலப் பிலிமில் படம் நிற்பது வெறும் சாயத்தில். கழுவும்போதே வெள்ளி நீக்கப்பட்டுவிடும். அந்தச் சாயங்களில் நீலப்பச்சைதான் முதலில் சாகும். இருட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்தாலும், நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது தானாகவே சிதையும். நீலப்பச்சை போய்விட்டால் மிஞ்சுவது சிவப்புத்தானே! டெக்னிகலரில் ஒற்றிய சாயம் இதைவிட உறுதி. அதன் மூன்று நெகடிவ்களும் வெள்ளியில் பதிந்தவை. எளிதில் வெளுக்காத பிலிமைக் கம்பெனிகள் கொண்டுவந்தது 1980களில்தான்.

ஆக, அப்பா கை மேல் குற்றம் இல்லை. சூடு படவே இல்லை. என் நோட்டுப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருந்தபடியே அந்தப் பச்சை செத்துப் போயிருக்கிறது. செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு போய்விட்டார் மனுஷன்.

சித்தன்னவாசல் சொல்லும் பாடம்

நம் ஊரிலிருந்து 16 கி.மீ. தூரத்தில் சித்தன்னவாசல். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய தாமரைக் குளம் அங்கே இன்னும் பச்சையாக நிற்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் ரசாயன அறிஞர் எஸ்.பரமசிவன் அந்த நிறங்களை ஆராய்ந்தார். சுண்ணாம்பு வெண்மை, கரியின் கருமை, காவிக்கல்லின் சிவப்பும் மஞ்சளும், பச்சை மண், நீலக்கல். அத்தனையும் மண்ணும் கல்லும். அதனால்தான் நின்றது. அதுவும் காற்றும் கையும் பட்டு நிறையவே அழிந்துவிட்டது. நிறம் என்பது சும்மா நிற்பதில்லை. யாராவது காவல் இருந்தால்தான் நிற்கும்.

இந்தச் சந்திப்புக்கு வருகிறவர்கள் தங்கள் வகுப்புக் குரூப் போட்டோவையும் கொண்டுவாருங்கள். எங்கள் 1969 படம் கருப்பு வெள்ளை; வெள்ளியில் பதிந்தது; ஒவ்வொரு முகமும் பளிச்சென்று இருக்கிறது. எனக்குப் பின்னால் பதினைந்து வருஷம் கழித்துப் படித்த என் தம்பி மகனின் கலர் குரூப் போட்டோவிலோ எல்லார் முகமும் சிவந்து கரைந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், தெரியும். மாணவச் செல்வங்களே, உங்கள் கையில் போன் இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது. மிச்சம் இருக்கிற நிறத்தை இப்போதே பதிவு செய்து, இரண்டு மூன்று இடங்களில் வைத்துவிடுங்கள். பழைய பிலிம், பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் எது கிடைத்தாலும் குப்பையில் போடாதீர்கள்.

அந்த ஏழு பிரேமையும் போன மாதம் ஸ்கேன் செய்தோம். என் பேத்தி கம்ப்யூட்டரில் ஏதேதோ செய்து சிவப்பைக் குறைத்தாள். கொஞ்சம் பச்சை எட்டிப் பார்த்தது. "இதானா தாத்தா அந்தக் கலர்?" என்றாள்.

அது இல்லை. அப்பா நீலம் போட்டு அலசிய துணியில் நான் பார்த்த பச்சை வேறு. ஆனாலும் பாவாடை பச்சைதான் என்று சொல்ல இப்போது ஒரு சாட்சி இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தாமதமாகச் சொல்கிறேன், அப்பா: சூடு படலப்பா. நீங்க சரியாத்தான் ஓட்டினீங்க.