முட்டைக்கோழிக் கறி

முட்டையிடும் திறன் குறைந்ததும் பண்ணையாளர்கள் கறிக்கு விற்றுவிடும் லேயர் கோழியின் இறைச்சி. வெள்ளை லெகார்ன் வழிவந்த இக்கோழிகள் பெரும்பாலும் 72 வார வயதுக்குப் பின் பண்ணையிலிருந்து கழிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் இவற்றின் வளர்ப்பு மையம் நாமக்கல் வட்டாரம். நாளிதழ்கள் கறிக்கோழி விலையோடு முட்டைக்கோழி விலையையும் தனியே வெளியிடும்.

ஆறேழு வாரத்திலேயே வெட்டப்படும் பிராய்லர் போல இது சட்டென வேகாது. வயது ஏற ஏறத் தசையிலுள்ள கொலாஜன் இறுகிப்போவதே காரணம். ஆகவே குக்கரில் கூடுதல் விசில், அல்லது சிறுதீயில் நெடுநேரக் கொதி. அவசர வறுவலுக்கு ஆகாது. மிளகு தூக்கலான குழம்புக்கும் சூப்புக்கும் பிராய்லரைவிட இதுவே மேல். வயிற்றினுள் கிடைக்கும், ஓடு கட்டாத மஞ்சள் கருக்களைக் கடைசியில் குழம்பில் இடுவர். சாப்பாட்டில் போட்டி அவற்றுக்குத்தான்.