மீண்ட வனமும் மீளா வனமும்

முதிரையும் பாலையும் வீரையும் செறிந்த வன்னிப் பெருங்காட்டைக் காண்போர், அதனை மனிதன் கைபடாத ஆதிவனம் என்று கருதுதல் இயல்பு. ஆயின், அக்காட்டினுள்ளே உடைந்த குளக்கட்டுகளும் தூர்ந்த வாய்க்கால்களும் சிதைந்த கற்றூண்களும் கிடக்கின்றன. அநுராதபுர, பொலன்னறுவைக் காலங்களில் நெல் விளைந்த நிலங்களும் அங்கே உள. 1215ஆம் ஆண்டில் மாகனுடைய படையெடுப்பு நிகழ்ந்த அந்நூற்றாண்டு முதலாக, அரசிருக்கையும் குடிகளும் தென்மேற்கு நோக்கிப் பெயர்ந்தன. நீர்ப்பாசன அமைப்பு சீர்குலைந்தது. மலேரியாவும் பின்னாளில் மீள்குடியேற்றத்துக்குத் தடையாயிற்று. வன்னித் தலைவர்களின் கீழ்ச் சிற்சில குளங்களும் ஊர்களும் நிலைத்தனவேனும், பெரும்பரப்பைக் காடு மீட்டுக்கொண்டது.

இங்ஙனம் எவரும் நடாமல், விதையினாலும் வேரினாலும் தானே தழைத்த காட்டை, இயற்கையாக மீளுருவாகும் காடு என்பர். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலகக் காடுகளைக் கணக்கிடும்போது, இதனையும் மனிதர் நட்ட காட்டையும் வெவ்வேறாகவே வகுக்கின்றது. உலர்வலய மரங்கள் பலவற்றிற்கு இவ்வாற்றல் மிகுதி. வெட்டுண்ட அடிக்கட்டைகள் மீண்டும் துளிர்க்கின்றன. பாலைப் பழத்தை உண்ணும் குரங்கும் கரடியும் விதைகளைத் தொலைவிற்குக் கொண்டுசெல்கின்றன. போதிய இடைவெளி விட்டுச் செய்யப்பட்ட சேனைப் பயிர்ச்செய்கையைக் காடு நெடுங்காலம் தாங்கி நின்றமைக்கும் இதுவே காரணமாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. ஏக்கர் ஒன்று 5 சிலிங் விலைக்கு விற்கப்பட்ட காலமும் இருந்தது. மலைநாட்டில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற் கோப்பி பரவியது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபொழுதும் அந்நிலம் காட்டிற்கு மீளவில்லை. தேயிலை அதன் இடத்தைக் கைக்கொண்டது. பொலன்னறுவை வீழ்ந்தபின் உலர்வலயத்துக்குக் கிடைத்த ஓய்வு, கோப்பி வீழ்ந்தபின் மலைநாட்டுக்குக் கிடைக்கவில்லை.

அழிவைக் கண்டு எச்சரித்தவரும் அக்காலத்தே இருந்தனர். 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைக் காத்தல் வேண்டுமென, கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். 1882இல் இந்திய வனசேவையினரான வின்சென்ட் இலங்கைக் காடுகளின் நிலையை ஆராய்ந்தார். 1885இல் வனச்சட்டம் பிறந்தது. 1887இல் வனத் திணைக்களம் அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அழிவு உலர்வலயத்தையும் எட்டிற்று. 1946இல் டி.டி.ரி. மருந்து பரவலாகத் தெளிக்கப்பட்டமையால் மலேரியா தணிந்தது. 1949இல் கல்லோயாத் திட்டமும், 1977இன் பின்னர் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் பெருங்காடுகளை வயல்களாக மாற்றின. நிலமற்ற உழவருக்கு நிலமும் நாட்டிற்கு நெல்லும் மின்சாரமும் வேண்டியிருந்தன. ஆதலின் இதனை வெறும் பேராசையின் விளைவு என்று கூறிவிடுதல் பொருந்தாது. எனினும் இழப்பு பெரிது. நாட்டின் நிலப்பரப்பில் 1881இல் ஏறத்தாழ 84 சதவீதமாக மதிக்கப்பட்ட காடு, 1956இல் 44 சதவீதமாகவும், 1983இல் 27 சதவீதமாகவும் குறைந்தது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தல் தடைசெய்யப்பட்டது.

இவ்வெண்களை ஆராயாது ஏற்றலும் தகாது. 1881ஆம் ஆண்டின் எண் மதிப்பீடே. 1956ஆம் ஆண்டினது வான்படங்களைக் கொண்டு அளக்கப்பட்டது. 1999இல் அடர்காடு மாத்திரம் ஏறத்தாழ 22.5 சதவீதம் எனக் கணிக்கப்பட்டது. 2010இல் காட்டுப்பரப்பு 29.7 சதவீதம் எனக் கூறப்பட்டபோது, ஐதான காடும் அதனுட் சேர்க்கப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துக் காடு பெருகிற்று என முடிவு கட்டுவோர், அளவுகோல் மாறியதை மறந்தவராவர்.

பரப்பை மட்டும் நோக்குதலிற் பிறிதொரு குறையும் உண்டு: எல்லாக் காடும் ஒரே வகையில் மீள்வதில்லை. ஈரவலயத்தின் தாழ்நிலங்களில், சிங்களவர் ஹொர, தூன் என வழங்கும் பெருமரங்களின் விதைகள் தாய்மரத்தின் அண்மையிலேயே வீழ்கின்றன. மண்ணில் நெடுநாட் காத்திருந்து முளைக்கும் இயல்பும் அவற்றிற்கு இல்லை. தாய்மரங்கள் அழிந்தால் அக்காட்டின் எதிர்காலமும் உடனழியும். கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிற் கெகில்ல என்னும் பன்னம் அடர்ந்து படர்ந்து, மரக்கன்றுகள் எழாவண்ணம் தடுக்கின்றது.

சிங்கராஜ வனத்தின் சிறப்பு இதனாலேயே விளங்கும். ஒட்டுப்பலகைத் தொழிலின்பொருட்டு 1970ஆம் ஆண்டுகளில் அங்கே பெருமரங்கள் தறிக்கப்பட்டன. மக்களின் எதிர்ப்பினால் 1977இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள மரவினங்களில் 60 சதவீதத்திற்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியன. அதன் எல்லையில் நடப்பட்ட பைன் தோட்டத்தில், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமால் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் அவர்தம் துணைவரும், பைன் மரங்களை வரிசை வரிசையாக நீக்கி, அவ்விடைவெளிகளிற் காட்டுமரக் கன்றுகளை நட்டு வளர்த்தனர். அந்நிய மரத்தின் நிழலும் உரியவாறு திருத்தப்படின் சுதேச மரங்களுக்குச் செவிலியாகும் என்பது அம்முயற்சியாற் புலனாயிற்று. ஆனால் அக்கன்றுகளுக்கும் வித்தளித்தது அயலில் எஞ்சியிருந்த பழைய வனமே.

உலர்வலயக் காடு உழவரின் நிலத்தை மீட்டு வளர்ந்தமைக்குப் பல நூற்றாண்டுக் கால ஓய்வும் அயலில் விதையும் இருந்தன. ஈரவலயத்திலோ, சிறுசிறு துண்டுகளாக எஞ்சிய காடுகளே வருங்காலத்தின் விதைக்களஞ்சியங்கள். சதவீதக் கணக்கில் அவை சிறியனவாகத் தோன்றலாம். அவற்றை இழந்தபின் எத்துணைப் பரப்பிற் பைனும் தேக்கும் நடினும், அவ்வனம் மீளாது.