கெல்ட்ரியா கோட்டை

திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே இருந்த டச்சுக் கோட்டை. சோழமண்டலக் கரையை நிர்வகித்த டச்சு ஆளுநர்கள் 1690 வரை இதைத் தலைமையிடமாகக் கொண்டு இங்கேயே குடியிருந்தனர்.

விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடரின் இசைவோடு டச்சுக்காரர் 1610இல் இங்கே பண்டகசாலை அமைத்தனர். இரண்டே ஆண்டுகளில் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அதைத் தாக்கி அழித்தனர். அதன் பிறகு எழுந்த கோட்டை 1613இல் நிறைவுற்றது. அப்போதைய தலைவர் வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு இட்டார்.

இங்கே ஆளுநராக இருந்த காரெல் ரெய்னியர்ஸ் 1650இல் பட்டாவியாவின் (இன்றைய ஜகார்த்தா) தலைமை ஆளுநரானார். லாரன்ஸ் பிட் 1652 முதல் 1663 வரை ஆண்டார். அதே பெயர் கொண்ட இளைய பிட் காலத்தில்தான் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. மூத்த பிட்டுக்குப் பின் வந்த ஆளுநர் கொர்னேலிஸ் ஸ்பீல்மன்மீது எழுந்த வழக்கு அவர் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது. மனைவிக்கென்று ஒரு வைரம் வாங்கினார். அம்மையாருக்குப் பிடிக்காததால் திரும்ப விற்றதாகச் சொன்னார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தெரியாமல் செய்த சொந்த வியாபாரம் இது என்று பட்டாவியா நீதிமன்றம் முடிவுகட்டி, 15 மாதப் பணி இடைநீக்கமும் 3,000 கில்டர் அபராதமும் விதித்தது. அவரும் 1681இல் தலைமை ஆளுநரானார்.

1630களில் இங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்த இந்து சமயச் செய்திகளை நூலாக எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் லைடனில் அது அச்சேறியது.

ஆளுநர் குடும்பங்களின் வசதியான வாழ்வை மட்டும் எழுதினால் இக்கோட்டையின் வரலாறு பாதிப் பொய்யாகிவிடும். துணியும் வெடிமருந்தும் ஏற்றுமதியான இதே துறையிலிருந்து அடிமைகளும் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1646ஐ ஒட்டிய பஞ்சத்தில், பசி தாங்காமல் பிள்ளைகளை விற்றவர்களும் தம்மையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. ஆளுநர்களின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அடிமைகளாகப் போன இவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

ஆங்கிலேயருடன் மூண்ட போரில் நாகப்பட்டினம் 1781இல் அவர்களிடம் வீழ்ந்தது. பழவேற்காடும் அதே போரில் கைமாறிப் பின்னர் திரும்பக் கிடைத்தது. 1795இல் மீண்டும் பறிபோயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை இடிக்கப்பட்டது. 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு ஒப்பந்தப்படி மறு ஆண்டில் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது.

இன்று எஞ்சியிருப்பவை அகழியின் தடமும் புதர் மண்டிய மேடுகளும். ஆளுநர் மாளிகையைப் பார்க்க முடியாது. அக்காலக் குடும்பங்களைத் தேடுவோர் ஊருக்குள் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே குலச்சின்னமும் டச்சு எழுத்தும் செதுக்கிய கற்கள். தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவக் குடும்பங்களோ முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பாடுகளை (பிடிக்கும் இடங்களை) இன்றும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன.