தீப்பெட்டி லேபிளும் தினசரி காலண்டரும்: காப்பிரைட்டரா, கன்டென்ட் ரைட்டரா?

சிவகாசிக்குப் பக்கத்தில், அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை கட்டியிருக்கிற ஊர் ஆனைக்குட்டம். சுற்றுவட்டாரத்துக்கே பட்டாசுதான் பிழைப்பு. இங்கே சின்ன அளவில் தொழில் செய்கிற ஒருவர் விளம்பரத்துக்கு எழுத ஆள் தேடினால் ஒரு குழப்பம் வரும்: காப்பிரைட்டரை வைப்பதா, கன்டென்ட் ரைட்டரை வைப்பதா? ரெண்டும் எழுத்து வேலைதானே என்று தோன்றும். கையில் இருக்கிற காசோ ஒருத்தருக்குத்தான் பத்தும்.

பதிலுக்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். சிவகாசியின் அச்சு வரலாற்றிலேயே இருக்கு.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ‘காப்பி’ என்பது அச்சகச் சொல்; எழுத்துக் கோப்பவரிடம் கொடுக்கிற பிரதி. விளம்பரத்துக்கு அந்தப் பிரதியை எழுதித் தருகிறவர் காப்பிரைட்டர். (பதிப்புரிமையைக் குறிக்கும் காப்பிரைட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. தமிழில் எழுதும்போது ரெண்டும் ஒன்றுபோலத் தெரிவது நம் தலையெழுத்து.) ‘கன்டென்ட் ரைட்டர்’ என்ற பெயர் இணையம் பரவிய பிறகு புழக்கத்துக்கு வந்தது. வேலை மட்டும் பழசு. ஏர்க்கலப்பை விற்ற ஜான் டீர் கம்பெனி 1895ல் விவசாயிகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியது. டயர் விற்ற மிச்செலின் 1900ல் கார் ஓட்டுகிறவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் போட்டது.

இனி நம்ம ஊர். 1922ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி ஏறியது, ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய். அதே சமயத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்கு அச்சகம் தேவைப்பட்டது.

அந்த லேபிளை ஒருதரம் கவனிச்சுப் பாருங்கள். ரெண்டு விரல் அகலம். அதில் ஒரு படம், ஒரு பெயர், அவ்வளவுதான். வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், தமிழே தெரியாத ஊரிலும் இருக்கலாம். பெட்டிக்கடையில் நின்று ‘அந்த மார்க் கொடு’ என்று கேட்க வைக்கணும். பட்டாசுக்கும் இதே வழிதான்: சேவல் மார்க், அணில் மார்க், லட்சுமி வெடி, ஆட்டம் பாம். 1945க்கு அப்புறம் ‘ஆட்டம் பாம்’ என்று ஒரு வெடிக்குப் பெயர் வைத்தவர் அந்தச் சரக்கின் சத்தத்தைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை எழுதத் தேவையில்லாமல் போச்சு. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் சிறந்த காப்பிகளில் அது ஒன்று. எழுதியவர் பெயர் எந்தப் பெட்டியிலும் கிடையாது.

அதே அச்சகங்களில் இன்னொரு வேலையும் நடந்தது, காலண்டர். எனக்கு இதுதான் சுவாரசியமான பகுதி. ஜவுளிக்கடையோ நகைக்கடையோ கொடுக்கிற தினசரி காலண்டரில் கடையின் பெயர் அட்டையில் மட்டும் இருக்கும். தாள்களில் கடையைப் பற்றி எதுவும் இருக்காது. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், ராசிபலன். சிலவற்றில் பின்பக்கம் கோலம், கைவைத்தியம். 365 தாளிலும் விற்பனைப் பேச்சே கிடையாது. ஆனாலும் வருஷம் பூரா கடையின் பெயர் வீட்டுச் சுவரில் தொங்குது, காலையில் முதல் வேலையாக யாராவது அதன் முன்னால் போய் நிற்கிறார்கள். ஜான் டீர் பத்திரிகை நடத்திச் செய்த அதே வேலை இது. நேரத்தைத் தப்பாகப் போட்டால் மறு வருஷம் அந்தக் காலண்டரை யாரும் ஆணியில் மாட்ட மாட்டார்கள், அதனால் கணிக்கிறவர், தொகுக்கிறவர், பிழை திருத்துகிறவர் என்று தனி உழைப்பு வேண்டியிருந்தது. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷத்து ஆல்பம் வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதுக்கும் முன்னாடியே உள்ளடக்க வேலையைத் தொடங்கியாகணும்.

ஒரே கட்டடத்துக்குள் ரெண்டு எழுத்தும் இருந்தன, யாரும் குழப்பிக்கொள்ளவில்லை. லேபிள் கடையில் ஒரு நொடிக்கு. காலண்டர் வீட்டில் ஒரு வருஷத்துக்கு.

இன்றைய பட்டாசுக்காரருக்குக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும் என்றது, சரவெடிக்குத் தடை போட்டது, இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்கக் கூடாது என்றது. பசுமைப் பட்டாசு என்றால் என்ன, எதில் புகை குறையுது என்பதை ரெண்டு விரல் லேபிளில் சொல்ல முடியாது. அதுக்கு நிதானமாக விளக்குகிற எழுத்து வேணும். மறுபக்கம், காப்பி என்ற பெயரில் இப்போது விலைப்பட்டியல்களில் இருப்பதெல்லாம் ‘80% தள்ளுபடி’, ‘90% தள்ளுபடி’. எல்லாரும் அதையே கூவும்போது யார் காதில் விழும்?

அதனால், மார்க் ஏற்கெனவே பேர் எடுத்திருந்தால் காசைக் கன்டென்ட் ரைட்டருக்குக் கொடுக்கலாம். புதுசாகச் சரக்கு இறக்குகிறவருக்கு முதல் செலவு பெயரும் பெட்டியும்தான். யாருக்கும் தெரியாத மார்க்கின் கட்டுரையைத் தேடி வந்து படிக்க ஆளில்லை.

இதுக்கிடையில் ரெண்டு பேர் கணக்கிலும் வராமல் விட்டுப்போகிற எழுத்து ஒன்று இருக்கு: பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில், எப்படிப் பற்றவைக்கணும், எவ்வளவு தள்ளி நிற்கணும் என்று சொல்லும் அந்த நாலு வரி. ஊதுபத்தியோடு திரிக்குப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைக்கு வேண்டியது அதுதான். வேலைக்கு எடுப்பவர் யாராக இருந்தாலும், முதல் நாள் அந்த நாலு வரியை எழுதச் சொல்லிப் பார்க்கலாம்.