மக்கா முற்றுகையும் அரசுகளின் மறுமொழியும் (1979)

ஒரு நிகழ்ச்சியின் பின்னே பிற நாட்டின் சூழ்ச்சி உண்டெனச் சமயத் தலைவர் ஒருவர் கூறுங்கால், பழி சுமத்தப்பட்ட அரசு அதனை மறுத்தல் இயல்பு. அம்மறுப்பு எப்போது எடுபடும், எப்போது எடுபடாது என்னும் வினாவுக்கு 1979 நவம்பரில் நிகழ்ந்த மக்கா முற்றுகை நல்லதொரு சான்றாகும். அம்முற்றுகையின் போர்ச் செய்திகள் விரிந்தவை. யாம் ஈண்டு அதனைச் சூழ்ந்தெழுந்த சொற்போரை மட்டும் ஆராயப் புகுகின்றோம்.

ஹிஜ்ரி 1400-ஆம் ஆண்டின் முதல் நாளாகிய 1979 நவம்பர் 20 அன்று, வைகறைத் தொழுகை முடிந்த வேளையில், ஜுஹைமான் அல் உதைபி என்பவரும் அவரைப் பின்பற்றிய சில நூற்றுவரும் மக்காவின் பெரிய பள்ளிவாசலைப் படைக்கலங்களுடன் கைப்பற்றினர். தம்முள் ஒருவரான முகம்மது அப்துல்லா அல் கஹ்தானியே வரவேண்டிய மஹ்தி என்று அறிவித்தனர். சவூதி அரசு வெளிநாடுகளுடனான தொலைபேசித் தொடர்பைத் துண்டித்துவிட்டு வாய் திறவாதிருந்தது. உலக முஸ்லிம்கள் நாள்தோறும் எத்திசை நோக்கித் தொழுகின்றனரோ அவ்விடத்தில் என்ன நிகழ்கின்றது என்பதைச் சொல்வார் இல்லை.

அவ்வெற்றிடத்தில் முதலிற் புகுந்தது அமெரிக்கரின் ஊகமே என்பது கருதத்தக்கது. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தார் நவம்பர் 4 முதல் பிணையாளராய்ச் சிறைப்பட்டிருந்த காலம் அது. ஆதலின் எது நிகழினும் ஈரானை ஐயுறும் மனநிலை வாஷிங்டனில் நிலவிற்று. பள்ளிவாசலைப் பிடித்தோர் ஈரானியச் சார்பினராகலாம் என அங்குள்ள அதிகாரிகள் கருதுவதாக அந்நாட்டு நாளிதழ்கள் எழுதின. அதற்குச் சான்று யாதும் இல்லை.

நவம்பர் 21 அன்று ஈரானின் சமயத் தலைவர் ஆயத்துல்லா கொமெய்னியின் அறிக்கை வானொலியில் வெளிவந்தது. இஃது அமெரிக்க வல்லாதிக்கமும் உலகச் சியோனியமும் செய்த செயலென்று ஊகித்தல் அரிதன்று என்பது அதன் கருத்து. இச்சொல்லமைப்பு நோக்கத்தக்கது. அவர் துணிந்து கூறவில்லை, ஊகத்திற்கு வழிதிறந்தார். துணிபாகக் கூறப்பட்ட பழியைச் சான்று காட்டி மறுக்கலாம். ஊகமாகக் கூறப்பட்டதை மறுப்பது எங்ஙனம்? கேட்டவர் செவியிலோ அவ்வூகம் துணிபாகவே வீழ்ந்தது. மணிமேகலையின் அளவைப் பகுதி குற்றங்களுள் ஒன்றாகச் சுட்டும் ‘தேராது தெளிதல்’ தெஹ்ரானுக்கும் பொருந்தும், வாஷிங்டனுக்கும் பொருந்தும்.

அன்றைய பிற்பகலிலேயே இஸ்லாமாபாத்தில் அமெரிக்கத் தூதரகம் எரியூட்டப்பட்டது. அதனைத் தாக்கிய கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் மிகுதி. வதந்தி முன்னரே பரவியிருந்தமையால், பழி முழுவதையும் ஒரு வானொலி உரையின்மேல் ஏற்றுதல் நேரிதன்று. எனினும் பெருந்தலைவர் ஒருவரின் சொல் வதந்திக்கு வலிமை தந்தது என்பதில் ஐயமில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் தூதரகத்தின் காப்பறைக்குள் பல மணி நேரம் புகையிடை அடைபட்டுக் கிடந்தனர். பாகிஸ்தான் படை காலந்தாழ்த்தே வந்தது. அமெரிக்கர் இருவரும், அங்குப் பணியாற்றிய பாகிஸ்தானியர் இருவரும் மாண்டனர்.

இனி மறுமொழிகளைக் காண்போம். அமெரிக்க வெளியுறவுத் துறை அக்கூற்றை முழுப் பொய்யென மறுத்தது. உண்மையே கூறியும் அதற்குப் பயன் விளையவில்லை. பழிக்குள்ளானவன் தன் வாயால் கூறும் மறுப்பு, நம்ப விரும்பாதானை நம்பச் செய்வதில்லை. முதல் நாள் தானே சான்றின்றி ஈரானை ஐயுற்ற அரசு, மறுநாள் பிறர் ஐயுறுதலைக் கண்டிக்கும் தகுதியையும் ஓரளவு இழந்திருந்தது. பாகிஸ்தான் தலைவர் ஜியா உல் ஹக் அன்றிரவு ஆற்றிய உரை இன்னும் நுட்பமானது. மக்கள் சினமும் துயரும் கொண்டது இயல்பே, ஆயின் அதனைக் காட்டிய முறை இஸ்லாமிய மரபுக்கு ஒவ்வாதது என்றார். சினத்துக்குக் காரணமான செய்தி பொய் என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. அமெரிக்கத் தலைவர் கார்ட்டரோ ஜியாவைத் தொலைபேசியில் அழைத்து நன்றி கூறினார்! காப்பறையினின்று உயிர்தப்பியவர்க்கு அந்நன்றி எவ்வாறு இனித்திருக்கும்? ஈரானை இழந்தபின் பாகிஸ்தானையும் இழக்க அமெரிக்கா விரும்பவில்லை என்பதே அதற்கு யாம் காணும் விளக்கம்.

எடுபடத்தக்க மறுப்பைக் கூறவல்லது சவூதி அரசு ஒன்றே. உள்துறை அமைச்சர் இளவரசர் நாயிப், இதில் அமெரிக்கரோ ஈரானியரோ பிற நாட்டினரோ தொடர்புற்றதற்கு அடையாளம் இல்லை என அறிவித்தார். இருவேறு ஊகங்களையும் ஒருங்கே தள்ளிய அவ்வறிவிப்பு நேர்மையானது, ஆயின் குறையுடையது. இன்னார் அல்லர் என்றதேயன்றி இன்னார் என்று விளங்கக் கூறவில்லை. சமயத்தினின்று வழுவிய கூட்டம் என்றளவில் அரசு அமைந்தது. காரணம் வெளிப்படை. ஜுஹைமான் சவூதித் தேசியக் காவற்படையில் பணிபுரிந்தவர். அவர் கூட்டத்தார் மதீனாவின் சமயக் கல்விச் சூழலில் உருவானோர். 1978-இல் அவருட் சிலர் சிறைப்பட்டு, அறிஞர் இப்னு பாஸ் முதலியோர் ஆராய்ந்தபின் விடுவிக்கப்பட்டனர். அதே இப்னு பாஸ் தலைமையில்தான், பள்ளிவாசலுள் படைவலி பயன்படுத்த இசைவளிக்கும் சமயத் தீர்ப்பையும் அரசு பெற வேண்டியிருந்தது. சூழ்ச்சி வெளியிலிருந்து வரவில்லை என்று முழுதும் மெய்ப்பிக்க வேண்டின், அது வீட்டினுள் முளைத்த கதையைச் சொல்லியாதல் வேண்டும். அதற்கு அரசு ஒருப்படவில்லை.

டிசம்பர் 2 அன்று லிபியாவின் திரிப்போலியிலும் அமெரிக்கத் தூதரகம் கொளுத்தப்பட்டது. இரண்டு நாள் கழித்து முற்றுகை ஓய்ந்தது. அரசின் கணக்குப்படி 127 படையினர் மாண்டிருந்தனர். 1980 சனவரி 9 அன்று ஜுஹைமான் உட்பட 63 பேர் கொலைத்தண்டனை பெற்றனர். அவருள் 41 பேர் சவூதியர். ஏனையோர் எகிப்து, ஏமன், குவைத்து, சூடான், ஈராக்கு நாட்டினர். ஈரானியர் ஒருவரும் இல்லை. அமெரிக்கர் ஒருவரும் இல்லை. இரு ஊகங்களுக்கும் தெளிவான மறுப்பாக அமைந்த அப்பட்டியல், முற்றுகை தொடங்கி ஐம்பதாம் நாளில் வெளிவந்தது.